நீண்ட கழுத்துகளைப் படிப்பது எப்படி? அழிந்துபோன ஊர்வனவற்றின் கழுத்துக் கூர்ப்பு: ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உயர்தர உயிரியல் ரியூஷன் வகுப்புகளில் கூர்ப்பு என்ற பாடம் தொடங்கியதும் ஒட்டகச்சிவிங்கி வந்துவிடும். லமார்க் சொன்னது ஒரு பக்கம், டார்வின் சொன்னது மறு பக்கம், நடுவில் உயரமான மரமும் இலையும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் நீண்ட கழுத்து எப்படி உருவாகிறது என்று உண்மையாகவே அறிய விரும்பும் பிள்ளைக்கு ஒட்டகச்சிவிங்கியைவிட ஏழ்மையான உதாரணம் கிடைப்பது கடினம். அதன் கழுத்து சுமார் 2 மீற்றர்தான். சீனாவில் கிடைத்த மாமென்சிசோரஸ் என்ற டைனோசரின் கழுத்து 15 மீற்றர் இருந்திருக்கும் என்று 2023இல் கணக்கிட்டிருக்கிறார்கள். கடலில், நிலத்தில், வானத்தில் என்று ஊர்வனக் கிளைகள் பல, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல், திரும்பத் திரும்பக் கழுத்தை நீட்டியிருக்கின்றன.

இந்த வழிகாட்டி உயர்தர மாணவர்களுக்கும், டைனோசர் பைத்தியம் பிடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கும், தமிழில் இதைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும். இதில் நான் பிடிவாதமாக நிற்கும் ஒரு விடயம் உண்டு: "ஏன் நீண்டது?" என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் "எப்படி நீண்டது?" என்று கேளுங்கள். எலும்பு பதில் சொல்லக்கூடிய கேள்வி அதுதான். ஏன் என்று முதலில் கேட்டால் நம் மனம் உடனே ஒரு கதையைக் கட்டிவிடும். அப்புறம் எலும்பைப் பார்க்கவே மாட்டோம்.

படி 1: ஒரு கோழிக் கழுத்தைப் பிரித்துப் பாருங்கள்

பறவைகள் டைனோசர்களின் வழிவந்தவை. ஆகவே டைனோசர் கழுத்தைப் படிக்கக் கொழும்பில் கிடைக்கும் மிகச் சிறந்த பாடப்பொருள் இறைச்சிக்கடையில் இருக்கிறது. சந்தையில் கழுத்து முழுதாக, தலையோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். சுப்பர் மார்க்கெட் பையில் வரும் கோழியில் தலையை வெட்டும்போதே முதல் ஒன்றிரண்டு எலும்புகள் போய்விட்டிருக்கும், கணக்குத் தவறிவிடும்.

உப்புப் போடாமல் நன்றாக வேகவையுங்கள். சதை தானாகக் கழன்று வரும் பதத்தில் இறக்கி, ஆறியதும் தலைப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, வெள்ளைத் தாளில் வரிசை குலையாமல் வையுங்கள். வரிசை முக்கியம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் இலக்கம் எழுதுங்கள்.

முதலாவது ஒரு சிறு வளையம். தலை அதன் மேல்தான் உட்காருகிறது. இரண்டாவதில் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றித்தான் வளையம் திரும்புகிறது. மூன்றாவதிலிருந்து எல்லாம் ஏறக்குறைய ஒரே சாயல், ஆனால் நீளம் மாறிக்கொண்டே போகும். மொத்தம் 13 அல்லது 14 வரும். ஓர் எலும்பின் முன்முகத்தை விளக்கில் சாய்த்துப் பாருங்கள்: ஒரு திசையில் குழிந்தும் மறு திசையில் புடைத்தும் இருக்கும். அதனால்தான் கோழி எந்தப் பக்கமும் கழுத்தை வளைக்கிறது. இரு பக்கமும் பின்னோக்கி ஊசிபோல் ஒரு முள் நீள்கிறதே, அது கழுத்து விலா எலும்பு. பக்கச் சுவரில் காணும் சிறு துளைகள் சிலவற்றின் வழியே உயிரோடிருந்தபோது காற்று எலும்புக்குள்ளேயே போய் வந்தது. இந்த மூன்றையும், அதாவது மூட்டின் முகம், கழுத்து விலா, காற்றுத் துளை ஆகியவற்றை நினைவில் வையுங்கள். கீழே திரும்பத் திரும்ப வரும்.

முடிந்தால் ஓர் ஆட்டுக் கழுத்தும் வாங்குங்கள். அதில் 7தான். மனிதனுக்கும் 7, எலிக்கும் 7, ஒட்டகச்சிவிங்கிக்கும் 7. முலையூட்டிகளில் கடற்பசுவின் ஓரினமும் ஸ்லொத் என்ற மரவாழ் விலங்குகளும் மட்டும் இந்த விதியை மீறுகின்றன.

படி 2: எண்ணுங்கள், அளவிடுங்கள், இரண்டையும் குழப்ப வேண்டாம்

ஒரு கழுத்து நீள்வதற்கு வழிகள் அதிகமில்லை. எலும்புகளின் எண்ணிக்கை கூடலாம். ஒவ்வோர் எலும்பும் நீளலாம். முதுகு எலும்பாக இருந்த ஒன்று கழுத்து எலும்பாக மாறலாம். படங்களில் எல்லாம் ஒரே மாதிரி நீண்ட கழுத்தாகத் தெரியும். ஆனால் உள்ளே போன பாதை வேறு வேறு.

கரு வளரும்போது முதுகின் இரு பக்கமும் துண்டம் துண்டமாகத் திசுக்கள் பிரிகின்றன. எந்தத் துண்டம் கழுத்து, எந்தத் துண்டம் மார்பு என்று எல்லை போடுவது ஹொக்ஸ் எனப்படும் மரபணுக்கள். முலையூட்டிகளில் அந்த எல்லை ஏறக்குறைய பூட்டிக் கிடக்கிறது. ஊர்வனவற்றிலும் பறவைகளிலும் பூட்டு இல்லை. ஒட்டகச்சிவிங்கி இருக்கும் ஏழையும் நீட்டுவதைத் தவிர வேறு வழியில்லாமல் நின்றது இதனால்தான்.

எல்லை நகர்வதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று இது. பிளேட்டியோசரஸ் என்ற திரையாசிக் கால டைனோசருக்குக் கழுத்தில் 10, முதுகில் 15. அதன் தூரத்து உறவான டிப்ளோடோகஸுக்குக் கழுத்தில் 15, முதுகில் 10. கூட்டிப் பாருங்கள்: இரண்டிலும் 25. முதுகு கொடுத்த ஐந்தைக் கழுத்து எடுத்துக்கொண்டது. மாமென்சிசோரஸ் இதோடு நிற்கவில்லை. கழுத்தில் 18 அல்லது 19 இருக்க முதுகிலும் 12 வைத்திருந்தது. அது மாற்றியும் எடுத்தது, புதிதாகச் சேர்க்கவும் செய்தது.

படி 3: டானிஸ்ட்ரோஃபியஸில் நின்று நிதானமாகப் பாருங்கள்

ஒரே ஒரு விலங்கைத்தான் ஆழமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். சுமார் 242 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், இன்றைய சுவிட்சர்லாந்து இத்தாலி எல்லையில் மொன்டே சான் ஜோர்ஜியோ மலை இருக்கும் இடம் ஆழங்குறைந்த கடலாக இருந்தது. அங்கே வாழ்ந்த இந்த ஊர்வனவற்றில் பெரியது 5 மீற்றருக்கு மேல்; அதில் பாதிக்கு மேல் கழுத்து. தலை, கழுத்து, வால் தவிர்ந்த நடுவுடம்பைப்போல் மூன்று மடங்கு நீளம். அந்தக் கழுத்தில் எத்தனை எலும்புகள் தெரியுமா? 13. நம் கோழி அளவுதான்.

அதனால் வந்த குழப்பம் நீண்டகாலம் நீடித்தது. 1852இல் ஹெர்மன் ஃபொன் மேயர் இதற்குப் பெயர் வைத்தபோது அவர் கையில் தனி எலும்புகள்தான் இருந்தன. நீண்ட குழாய்போன்ற அவற்றை வால் எலும்புகள் என்று எண்ணினார். 1886இல் இத்தாலியரான பிரான்செஸ்கோ பசானி இதே விலங்கின் சிறு எலும்புக்கூடு ஒன்றைப் பறக்கும் ஊர்வன என்று விவரித்தார். இறக்கையைத் தாங்கும் விரல் எலும்பு என்று கருதப்பட்டவை உண்மையில் கழுத்து எலும்புகள். 1929 அளவில் பெர்ன்ஹார்ட் பேயர் முழு எலும்புக்கூட்டை வைத்துக் கழுத்துத்தான் என்று நிலைநாட்டினார். தனி எலும்பை வைத்துக்கொண்டு விலங்கைக் கற்பனை செய்யாதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அப்புறமும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. அதே பாறையில் பெரியவையும் சிறியவையும் கிடைத்தன. சிறியவை குட்டிகளா? 2020இல் எலும்பைக் குறுக்கே வெட்டி வளர்ச்சி வளையங்களைப் பார்த்தார்கள். சிறியவையும் வளர்ந்து முடிந்தவை. ஆக இரண்டு இனங்கள், ஒரே கடல். நசுங்கிக் கிடந்த மண்டையோட்டைக் கணினியில் சேர்த்துப் பார்த்தபோது பெரியதன் நாசித் துவாரங்கள் மூக்கின் மேல்பக்கம் இருப்பதும், பற்கள் வளைந்து ஒன்றையொன்று பின்னிக்கொள்வதும் தெரிந்தன. மீனையும் கணவாயையும் பிடிக்கும் வாய் அது. சிறியதன் பற்களில் மூன்று முனைகள்; அது வேறு இரை தின்றது. நீண்ட கழுத்து ஒன்றே, தொழில் இரண்டு.

இப்போது இதன் பக்கத்தில் சீனாவின் டைனோசெஃபலோசரஸை வையுங்கள். அதே பெரிய குடும்பம், ஏறக்குறைய அதே காலம், இதுவும் 5, 6 மீற்றர். 2024இல் முழு எலும்புக்கூடுகளை ஆராய்ந்து எண்ணியபோது கழுத்தில் 32 எலும்புகள். ஒன்று எலும்பை நீட்டியது, மற்றது எலும்பைக் கூட்டியது. உறவுக்காரர்களே ஒரே இடத்துக்கு வெவ்வேறு பாதையில் போயிருக்கிறார்கள் என்றால், "நீண்ட கழுத்து" என்ற ஒற்றைப் பெயருக்குள் எத்தனை கதைகள் ஒளிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 4: எவ்வளவு வேகத்தில் நீண்டது என்று பாருங்கள்

கூர்ப்பு என்றாலே ஆமை வேகம் என்ற எண்ணம் நமக்கு. சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் கிடைத்து 2023இல் விவரிக்கப்பட்ட சூசரஸ் என்ற அரை மீற்றர் அளவு கடல் ஊர்வன அதைக் கொஞ்சம் அசைக்கிறது. பெர்மியன் காலத்தின் முடிவில், 252 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், கடல் உயிர்களில் மிகப் பெரும்பகுதி அழிந்துபோனது. அதன் பிறகு சில மில்லியன் ஆண்டுகளில் வந்தது சூசரஸ். கழுத்தில் 17 எலும்புகள், கழுத்தின் நீளம் நடுவுடம்பில் பாதி. இதன் பிற்கால உறவுகளில் கழுத்து நடுவுடம்பின் 80 வீதத்தைத் தாண்டிவிடுகிறது. சுமார் 5 மில்லியன் ஆண்டுகளுக்குள் இந்தப் பாய்ச்சல் நடந்து, பிறகு வேகம் தணிந்திருக்கிறது. வெறுமையான கடலில் புது இரை, புது வாழ்விடம். எலும்பைக் கூட்டிக்கொள்ளும் வசதி கருவிலேயே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இப்படி நடக்கும்.

இந்தப் பெருங்குடும்பத்திலிருந்து பின்னாளில் வந்தவைதான் பிளீசியோசர்கள் என்ற, துடுப்புப்போன்ற கால்களுள்ள கடல் ஊர்வன. கிரெட்டேசியஸ் காலத்தின் எலாஸ்மோசரஸுக்குக் கழுத்தில் 72 எலும்புகள். கனடாவின் அல்பேர்ட்டாவில் கிடைத்த அல்பேர்டோநெக்டெஸுக்கு 76. கழுத்து மட்டும் 7 மீற்றர். நமக்குத் தெரிந்த விலங்குகளிலேயே அதிகமான கழுத்து எலும்புகள் இதற்குத்தான்.

படி 5: மூட்டைப் பாருங்கள், அன்னத்தை மறந்துவிடுங்கள்

தலங்கம வாவிக்கரையில் பாம்புத்தாராவைப் பார்த்திருப்பீர்கள். கம்பத்தில் சிறகு விரித்துக் காயும். தண்ணீரில் இறங்கினால் கழுத்து மட்டும் தெரியும். அந்தக் கழுத்து நடுவே ஒரு மடிப்பாக வளைந்து, மீனைக் கண்டதும் சட்டென்று நிமிர்ந்து பாயும். அதைப் பார்த்துவிட்டு பிளீசியோசரும் இப்படித்தான் என்று நினைப்பது இயல்பு. பழைய படங்கள் எல்லாவற்றிலும் அது அன்னம்போலக் கழுத்தை நீருக்கு மேல் வளைத்துக்கொண்டுதான் மிதக்கும்.

எலும்பு அப்படிச் சொல்லவில்லை. கோழி எலும்பின் முகம் குழிந்தும் புடைத்தும் இருந்ததே, பிளீசியோசரின் முகம் ஏறக்குறையத் தட்டை. ஒவ்வொரு மூட்டிலும் சில பாகைதான் அசைவு. எண்ணிக்கை அதிகம் என்பதால் மொத்தத்தில் மெதுவான ஒரு வளைவு கிடைக்கும். அன்னத்தின் வளைவு கிடைக்காது. மேலும், 7 மீற்றர் கழுத்தை நீருக்கு மேல் தூக்கினால் உடம்பின் முன்பக்கம் அமிழ்ந்துவிடும். ஊன்றி நிற்க அங்கே தரை இல்லை.

இப்படிப்பட்ட கழுத்து அறிஞர்களையே தடுமாற வைத்த கதையும் உண்டு. மேரி அன்னிங் 1823இல் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கரையில் முழுமையான பிளீசியோசரைக் கண்டெடுத்தபோது, அந்தக் கழுத்தைப் பற்றி அறிந்த பிரெஞ்சு உயிரியல் மேதை கூவியே இது பொய்யாக ஒட்டப்பட்டதோ என்று சந்தேகித்தார்; பிறகு ஏற்றுக்கொண்டார். 1868இல் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் கோப் எலாஸ்மோசரஸை விவரித்தபோது தலையை வால் நுனியில் வைத்துவிட்டார். அவ்வளவு நீளமானது வாலாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவர் நம்பிக்கை. 1870இல் ஜோசப் லைடி அதைச் சுட்டிக்காட்டினார்.

படி 6: பாரத்தைக் கணக்கிடுங்கள்

கடல் விலங்குக்கு நீரே பாரத்தைத் தாங்கும். அங்கே கேள்வி இழுவைதான். நீண்ட கழுத்து நீந்துவதை மந்தமாக்குமா என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரிகளில் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள்: உடம்பு பெரிதாக இருந்தால் கழுத்தால் வரும் கூடுதல் இழுவை பெரிய சுமையல்ல.

நிலத்தில் அப்படித் தப்ப முடியாது. மாமென்சிசோரஸ், டிப்ளோடோகஸ் போன்ற நீண்ட கழுத்துடைய பெரிய தாவரவுண்ணிகளான சோரோபொட் டைனோசர்கள் இதைத் தீர்த்த விதம் அற்புதமானது. மாமென்சிசோரஸின் கழுத்து எலும்பைச் சீ.ரி. ஸ்கான் செய்தபோது அதன் கனவளவில் ஏறக்குறைய 70 வீதம் வெறும் காற்று. உங்கள் கோழி எலும்பில் பார்த்த துளைதான், பேரளவில். அதோடு கழுத்து விலாக்கள் ஒவ்வொன்றும் 4 மீற்றர் வரை நீண்டு, ஒன்றின் மேல் ஒன்று படிந்து கழுத்தை இறுக்கின. தலையோ மிகச் சிறியது. சோரோபொட்கள் மெல்லவில்லை, இலையை உருவி அப்படியே விழுங்கின. அரைக்கும் பல்லும் பெரிய தாடைத் தசையும் தேவையில்லாததால் நுனியில் பாரம் இல்லை. ஒட்டகச்சிவிங்கிக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை; அது மெல்லவேண்டும், ஆகவே தலை கனம்.

வானத்தில் கதை இன்னும் நுட்பமானது. அஸ்டார்க்கிட் எனப்படும் பெரிய பறக்கும் ஊர்வனவற்றுக்குக் கழுத்தில் 9தான், ஆனால் நடுவில் உள்ளவை அளவுமீறி நீண்டவை. எலும்புச் சுவரோ தாள்போல் மெல்லியது. மொரோக்கோவில் கிடைத்த ஒன்றை 2021இல் ஸ்கான் செய்தபோது உள்ளே நடுக்குழாயிலிருந்து சுவருக்கு, சைக்கிள் சில்லின் கம்பிகள்போல், மெல்லிய எலும்பு இழைகள் சுழன்று ஓடுவது தெரிந்தது. அப்படி 50 இழைகள் இருந்தாலே மடங்காமல் தாங்கும் பாரம் 90 வீதம் கூடுகிறது.

படி 7: விலையை எழுதிக்கொள்ளுங்கள்

நீண்ட கழுத்து இலவசமாகக் கிடைப்பதில்லை. தலையை உயர்த்தினால் இதயம் அவ்வளவு உயரத்துக்கு இரத்தத்தை ஏற்றவேண்டும்; ஒட்டகச்சிவிங்கியின் இரத்த அழுத்தமே மனிதனுடையதைப்போல் இரு மடங்கு. சோரோபொட்கள் கழுத்தை எவ்வளவு உயர்த்தின என்ற விவாதம் இன்னும் முடியாததற்கு இது ஒரு காரணம். நீண்ட சுவாசக்குழாயில் பழைய காற்றுத் தங்கிவிடும். பறவைகளுக்கு இருப்பதுபோன்ற காற்றுப்பைகள் இல்லாமல் அதைச் சமாளிப்பது கடினம். குரல்வளைக்குப் போகும் ஒரு நரம்பு மூளையிலிருந்து நெஞ்சுவரை இறங்கி, இதயத்தருகே பெரிய நாடியைச் சுற்றி, மறுபடி மேலேறுகிறது. நமக்கும் அப்படித்தான், ஆட்டுக்கும் அப்படித்தான். மிகப் பெரிய சோரோபொட்களில் அந்த நரம்பு 28 மீற்றர் வரை இருந்திருக்கும் என்பது கணக்கு. மீன் மூதாதையரிடம் நேர்ப்பாதையாக இருந்தது. கழுத்து நீள நீள அது சுற்றுப்பாதையாகிவிட்டது. ஆசிரியர்களே, கூர்ப்பு இருப்பதை வைத்துத்தான் வேலை செய்யும் என்று விளக்க இந்த நரம்பை விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு விலை, நேரடியானது. டானிஸ்ட்ரோஃபியஸின் இரு எலும்புக்கூடுகளில் தலையும் கழுத்தின் முன்பாதியும் மட்டும் நன்றாகக் கிடக்கின்றன; மீதி இல்லை. 2023இல் உற்றுப் பார்த்தபோது முறிந்த இடத்தில் கடித்த தடம். வேட்டையாடி வந்தது கழுத்தைத் துண்டித்து, சதைப்பிடிப்பான உடம்பை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

படி 8: இப்போது "ஏன்?" என்று கேளுங்கள்

இத்தனை விலைக்கும் மேலாக லாபம் இருந்திருக்கவேண்டும். சோரோபொட்களுக்கு உணவே காரணம் என்பது என் கணிப்பு. உயரம் மட்டுமல்ல, பல தொன் உடம்பை அசைக்காமல், நின்ற இடத்தில் நின்று, இடமும் வலமும் மேலும் கீழுமாகப் பெரிய பரப்பை மேயலாம். துணையைக் கவரத்தான் கழுத்து நீண்டது என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டது. ஆனால் அத்தனை கிளைகளிலும், அத்தனை மில்லியன் ஆண்டுகளும் அது ஒன்றே தள்ளியிருக்கும் என்பதை என்னால் ஏற்கமுடியவில்லை.

பிளீசியோசர்களுக்கு ஒரே பதில் கிடையாது. பெரிய உடம்பைப் பின்னால் வைத்துச் சிறு தலையை மட்டும் மீன்கூட்டத்துக்குள் நுழைப்பது ஒரு வழி. அவுஸ்திரேலியாவில் கிடைத்த எலாஸ்மோசர்களின் வயிற்றுப் பகுதியில் சிப்பியும் நத்தையும் நண்டும் இருந்தன. அவை கடலடியைத் துழாவியிருக்கின்றன. வயிற்றில் இருந்தது வாய்க்கு வந்த ஊகத்தைவிடப் பெரிய சான்று.

படி 9: குறுகிய கழுத்துகளில் சோதியுங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. உங்கள் விளக்கம் சரியென்றால், லாபம் இல்லாத இடத்தில் கழுத்து குறுகவும் வேண்டும். குறுகியிருக்கிறது. பிளீசியோசர் குடும்பத்துக்குள்ளேயே பெரிய இரையைக் கடித்துக் கிழிக்கும் பெருந்தலைக்காரர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை குறுங்கழுத்தோடு தோன்றினார்கள். ஆர்ஜென்டினாவின் பிராக்கிட்ராகெலோபான் என்ற சோரோபொட்டின் கழுத்து அதன் உறவுகளைவிட மிகவும் குட்டை. தாழ்வான செடிகளை மேய்ந்திருக்கும்.

இதற்கு நேரில் பார்க்கக்கூடிய துணைச்சான்று கொழும்பிலேயே உண்டு. தேசிய அருங்காட்சியகத்தை அடுத்துள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூட்டின் தலைக்குப் பின்னால் நின்று பாருங்கள். 7 கழுத்து எலும்புகளும் தட்டுத் தட்டாக நெருங்கிக் கிடக்கும். நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிய முலையூட்டி கழுத்தைச் சுருக்கிக்கொண்டது. அதே கடலுக்குத் திரும்பிய பிளீசியோசர் நீட்டிக்கொண்டது. சோரோபொட் எலும்புக்கூடு பார்க்க இந்தியா போகவேண்டும். ஹைதராபாத்தில் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் கோட்டாசரஸும், கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் தாகூரின் பெயர் தாங்கிய பாராபாசரஸும் நிற்கின்றன. இரண்டும் ஜுராசிக் காலத்தின் ஆரம்ப சோரோபொட்கள். கழுத்து இன்னும் உச்சத்துக்குப் போகாத கட்டம்.

கடைசியாக, ருமேனியாவில் கிடைத்த ஹட்செகொப்டெரிக்ஸை உங்கள் குறிப்பேட்டில் அஸ்டார்க்கிட் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சிறகு விரித்தால் சுமார் 10 மீற்றர். குடும்பத்தில் மற்றவற்றின் கழுத்து எலும்பு ஒல்லியாக நீண்டிருக்க, இதனுடையது குட்டை, அகலம், சுவர் பல மடங்கு தடிப்பு. அது வாழ்ந்தது ஒரு தீவில். அங்கே பெரிய ஊனுண்ணி டைனோசர்கள் இதுவரை கிடைக்கவில்லை. அந்த இடத்தை நிரப்பிப் பெரிய இரையைத் தாக்கியது இதுவாகத்தான் இருக்கும் என்று 2017இல் இந்தக் கழுத்தெலும்பை விவரித்தவர்கள் கருதினார்கள்.